வெறும் கடல் சீக்கிரம் போகும்

பெட்டியின் கண்ணாடியில் சின்னச் சக்கரம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. படம் போகிறதாம். கயித்தான் அதை முறைத்துக்கொண்டு நின்றார். வள்ளத்துக்கு அடியில் சூரைமீன் கூட்டம் ஒன்று, கல்யாண வீட்டில் பந்திக்கு நிற்கிற சனம் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. கடலுக்கடியில் சத்தத்தை அனுப்பி மீன் இருக்கிற இடத்தைக் காட்டுகிற எக்கோவில் அது அட்டைக் கறுப்பாகத் தெரிந்தது. அந்தப் படம் தொம்மையின் வள்ளத்துக்குப் போய்ச் சேரவேண்டும். சக்கரமோ சுற்றுகிறது, சுற்றுகிறது, நிற்கிற பாட்டைக் காணோம்.

"போயேன், சவமே!" பெட்டியின் மண்டையில் ஓங்கித் தட்டினார்.

அந்தத் துறையில் வள்ளங்கள் ஜோடியாகத்தான் தொழிலுக்குப் போகும். வலை இழுக்க மோட்டார் வந்துவிட்ட பிறகு வள்ளத்துக்கு ஓர் ஆள் போதும். ஆனால் வலை மட்டும் பழையபடி இரண்டு பாதி. ஒரு பாதி கயித்தானிடம், மறு பாதி அவர் தங்கச்சி புருசன் தொம்மையிடம். ஆளுக்கொரு திக்கில் தேடுவார்கள். மீனைக் கண்டவன் மற்றவனைக் கூப்பிடுவான். இரண்டு பாதியையும் கயிற்றில் முடிந்து வட்டம் போட்டால்தான் கூட்டத்தை வளைக்கலாம். பாதி வலையை வைத்துக்கொண்டு ஒரு கூடை சாளைகூடப் பிடிக்க முடியாது.

இடத்தை வயர்லெஸ்ஸில் சொன்னால் கடல் முழுக்கக் கேட்கும். கேட்ட வள்ளமெல்லாம் வந்து மொய்க்கும். அதற்காகத்தான் இந்தப் பெட்டியே வந்தது. மீன் படமும் இடமும் பூட்டுப் போட்டுக்கொண்டு ஜோடிக்கு மட்டும் போகும். முன்பெல்லாம் பொத்தானிலிருந்து விரலை எடுப்பதற்குள் தொம்மையின் குரல் வந்துவிடும்: "கண்டுட்டேன் மச்சான், வாரேன்." பெட்டி விற்ற நீலவாரிக் கம்பெனிக்காரர்கள் ஏலக்கூடத்தில் வந்து உட்கார்ந்து, எல்லாப் பெட்டிக்குள்ளும் இருந்த பழையதைத் துடைத்துவிட்டுப் புதியதை ஏற்றினார்கள். அப்டேட் என்றார்கள். அன்று பிடித்தது இந்தச் சனியன்.

சக்கரம் நிற்பதற்கு முன்னால் கிழக்கே கப்பல் தெரிந்தது. வெளியூர்க் கப்பல். மூக்கை நேராக இவரைப் பார்த்துத் திருப்பிக்கொண்டு வந்தது. ஒரு தெருவையே சுருட்டுகிற மாதிரி வலையை இறக்கி, கூட்டத்தை மொத்தமாக வாரிக்கொண்டு போனது. அதன் அலையில் வள்ளம் தொட்டில் ஆடியது. கயித்தானுக்குத் தெரிந்த கெட்டவார்த்தையெல்லாம் தீர்ந்துபோயிற்று.

அப்போதுதான் வயர்லெஸ் கரகரத்தது. "இப்பத்தான் மச்சான் படம் வந்துச்சு. இனி வந்து என்ன செய்ய? கப்பக்காரன் வாரிட்டுப் போயிருப்பானே. கேபிள்ல பிசகா இருக்கும், மாத்திப் பாரு."

"மாத்துதேன் மச்சான்," என்றார் கயித்தான்.

கேபிளை மாற்றினார். உப்புப் பூத்த முனைகளைச் சுரண்டினார். கொடிக்கம்பத்தில் இருந்த ஏரியலை இறக்கிப் புதிதாகக் கட்டினார். ஒன்றும் ஆகவில்லை. எங்கே கூட்டத்தைக் கண்டாலும் படம் நொண்டியடிக்கும். அதற்குள் கப்பல் வந்துவிடும். கரையில் பாதி வள்ளங்கள் ஏற்கெனவே கவிழ்த்துப் போட்டுக் கிடந்தன. அவற்றின் சொந்தக்காரர்கள் இறால் கம்பெனியில் தலைக்கு உறை மாட்டிக்கொண்டு தோல் உரிக்கப் போய்விட்டார்கள். இந்தப் பருவமும் இப்படியே போனால் கயித்தானும் அந்த உறையை மாட்டவேண்டியதுதான்.

*

பெட்டி ரிப்பேர் பார்க்கிற பெல்சியாவின் கடை, ஏலக்கூடத்துக்குப் பின்னால் இருந்தது. சின்ன வயதுதான், வாய் பெரியது. கயித்தான் பெட்டியை அவள் மேசையில் தொப்பென்று வைத்தார்.

"மெதுவா மாமா. மீன் கூடையா இது?"

"மீன் கூடையா இருந்தா எனக்கு ஏன் இந்தக் கேடு? கேபிள் புதுசு, ஏரியல் புதுசு. ஆனாலும் போவ மாட்டேங்குது. அவனுவ கொண்டாந்து திணிச்சதுதான் கோளாறு. பழசையே திரும்பப் போடு."

"பழசைப் போட விடமாட்டான். பூட்டிட்டான். இருங்க, பாக்குதேன்."

கடையில் கிடந்த வேறொரு பெட்டியை எடுத்து, இவருடைய பெட்டிக்குத் தற்காலிக ஜோடியாகக் கட்டிப் பக்கத்தில் வைத்தாள். பழைய படம் ஒன்றை அனுப்பினாள். இரண்டு பெட்டிக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. அவள் எழுந்து போய் டீ சொல்லிவிட்டு வந்தாள். டீயும் வந்தது. படம் வரவில்லை.

"ஒரு முழம் போறதுக்கு இவ்வளவு நேரமா?" என்றார் கயித்தான். "நாய்க்கு எறிஞ்ச எலும்பு மாதிரி எங்கயோ போயிட்டு வருதே."

பெல்சியா பதில் பேசவில்லை. வேறு படங்களை அனுப்பிப் பார்த்தாள். ஒன்று நொண்டியது. அடுத்தது கண்மூடித் திறப்பதற்குள் போய்ச் சேர்ந்தது. மறுபடி ஒன்று நொண்டியது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு வகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"மாமா, இங்க பாருங்க. இதுல மீன் இல்ல. வெறும் தண்ணி. உடனே போவுது. இதுல மீன் இருக்கு. நிக்குது. மீன் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நேரம் நிக்குது."

"மீனு பாரமா இருக்கோ?"

அவள் சிரிக்கவில்லை. "படத்துக்குப் பாரம் ஏது? ரெண்டும் ஒரே எடைதான். யாரோ வழியில நிப்பாட்டி வச்சிப் பாக்கான் மாமா. முன்ன உங்க பெட்டியில கெளம்பி நேரா அடுத்த பெட்டிக்குப் போச்சு. இப்ப முதல்ல கம்பெனியோட மெஷினுக்குப் போவுது. வெறும் கடல்னா போன்னு விட்டுருது. மீன் இருந்தா எங்க, எவ்வளவு, என்ன மீனுன்னு எல்லாத்தையும் பாத்து முடிச்சிட்டுத்தான் ஜோடிக்கு விடுது."

கயித்தான் டீ டம்ளரைக் கீழே வைத்தார். ஊரில் அவர் யாரையும் நம்பியதில்லை. சாமியாரைக்கூடப் பாதிதான் நம்புவார். ஆனால் தான் நினைத்தது சரியாகப் போயிற்றே என்று அவருக்குச் சந்தோஷம் வரவில்லை.

"பாத்துட்டு? கப்பக்காரனுக்குக் குடுக்கானா?"

"அது எனக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு. சும்மா பாக்க முடியாது மாமா. உங்க பூட்டை அவன் தெறக்கணும்னா நீங்க பெருவிரல் வச்சிச் சம்மதம் சொல்லியிருக்கணும்."

"நான் வைக்கவே இல்ல. ஏலக்கூடத்துப் பக்கமே நான் போகல."

"ஜோடியில ஒருத்தர் வச்சா போதும்."

கயித்தான் எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

ஜோடியில் ஒருவன் பேசினால் இருவரும் பேசினதாகத்தான் அந்தத் துறையில் வழக்கம். கூட்டமானாலும் வழக்கானாலும் ஒருவன் போனால் போதும். மற்றவன் ஏன் என்று கேட்கமாட்டான். அந்த வழக்கத்தைக் கம்பெனிக்காரன் தெரிந்துகொண்டு பெட்டிக்குள்ளும் வைத்திருக்கிறான். அன்றைக்கு, "அந்தச் சட்டைக்காரனுவ மூஞ்சியைப் பாத்தாலே எனக்குக் கொமட்டும், நீயே ரெண்டு பெட்டியையும் கொண்டு காட்டிட்டு வா" என்று தொம்மையை அனுப்பினதே கயித்தான்தான்.

"எவனையோ பேசுத மாதிரி பேசாத," என்றார். "தொம்மை என் தங்கச்சி புருசன்."

"நான் பேரே சொல்லலியே மாமா."

கயித்தான் விழுந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தார். பிறகு, "கள்ளப்படம் ஒண்ணு செய்ய முடியுமா? அடியில மீனே இல்லாத எடத்துல நின்னு, மீன் இருக்கமாரி அனுப்பணும்," என்றார்.

"பழைய படத்தைப் புதுப்படமா மாத்தித் தரலாம். ஆனா இது களவு வேலை."

"அவனுவ பாக்கது பெரிய புண்ணிய வேலையாக்கும். போடு தாயி."

*

மறுநாள் காலை கயித்தான் வெறும் தண்ணீரில் வள்ளத்தை நிறுத்தினார். எக்கோ வெளுத்துக் கிடந்தது. ஒரு பொடிமீன்கூட இல்லை. தொம்மை தெற்கே தேடுவதாகச் சொல்லிப் போயிருந்தார். கயித்தான் கள்ளப்படத்தை அனுப்பினார். அதில் வாழ்நாளில் ஒருமுறை காண்கிற அளவுக்கு மீன். சக்கரம் சுற்றத் தொடங்கியது.

கப்பல் வந்தது. ஒன்றல்ல, இரண்டு. ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்தன. பெரிய வலையை இறக்கி, வட்டம் போட்டு, இழுத்தன. சொறிமீனும் சேறுமாக மேலே வந்தது. மேல்தட்டில் நின்றவர்கள் இவரைப் பார்த்துக் கையை ஆட்டி ஏதோ கத்தினார்கள். கயித்தான் பதிலுக்கு வேட்டியைத் தூக்கிக் காட்டினார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ரொம்ப நாளைக்கப்புறம் அப்படி ஒரு சிரிப்பு.

சக்கரம் நின்றுவிட்டிருந்தது. படம் போய்ச் சேர்ந்துவிட்டது. சிரிப்பு அடங்கியபோது அவருக்கு உறைத்தது. அவ்வளவு மீனைக் கண்டால் செத்தவன்கூட எழுந்து வருவானே? தெற்கே பார்த்தார். ஒரு புள்ளியும் இல்லை.

வயர்லெஸ்ஸை எடுத்தார். "தொம்மை. வரலியா?"

"இப்பத்தான் மச்சான் படம் வந்துச்சு. இனி வந்து என்ன செய்ய? கப்பக்காரன் வாரிட்டுப் போயிருப்பானே."

அதே பேச்சு. இத்தனை நாளும் ஆறுதலாகக் கேட்ட அதே பேச்சு. கப்பல் வந்ததை நான் சொல்லவே இல்லையே என்று கயித்தான் நினைத்தார். ஒருநாளும் சொன்னதில்லை. எல்லாத் தடவையும் அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் தொம்மைதான் சொல்லியிருக்கிறார்.

வயர்லெஸ்ஸை அதன் கொக்கியில் மாட்டினார். வள்ளத்தைக் கரைக்குத் திருப்பினார்.

*

கரையில் தொம்மை தன் வள்ளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வலையில் கிழிந்த பீத்தலைக் கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய பாதி வலை சொட்டு ஈரமில்லாமல் காய்ந்து கிடந்தது. கயித்தான் அதைக் காலால் புரட்டிப் பார்த்தார்.

"நனைக்கவே இல்லியோ?"

"நான்தான் சொன்னேனே மச்சான், படம் லேட்டா..."

"ஏலே." மச்சானை அவர் 'ஏலே' என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "இன்னைக்கு நான் அனுப்புனது கள்ளப்படம். அடியில ஒரு மயிரும் கெடையாது. கப்பல் ரெண்டு வந்து சேத்தை அள்ளிட்டுப் போச்சு. நீ வரல. வந்தா பிரயோசனம் இல்லன்னு ஒனக்குத் தெரியும். எப்பவும் தெரியும்."

தொம்மை ஊசியைக் கீழே வைத்தார். மறுப்பார் என்று கயித்தான் எதிர்பார்த்தார். மறுத்திருந்தால் நன்றாயிருக்கும், இரண்டு அடி போட்டிருக்கலாம்.

"விரலு வச்சேன்," என்றார் தொம்மை. "ரெண்டு வள்ளத்துக்கும் சேத்துத்தான் வச்சேன்."

"என்னத்தக் குடுத்தானுவ ஒனக்கு?"

"ஒண்ணும் குடுக்கல. ஜெரோன் போனது ஒனக்கு ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இல்லாமல் எப்படி? தொம்மையின் ஒரே மகன். எஞ்சின் நின்று, ஆள் எங்கே ஒதுங்கினான் என்றே தெரியாமல் போனவன். ஊரே தேடியது. வள்ளத்தின் பலகை ஒன்றுதான் கிடைத்தது. அன்றிலிருந்து கயித்தானின் தங்கச்சி, தொம்மையின் வள்ளம் கரைதட்டும்வரை மணலில் வந்து நிற்பாள். உட்காரச் சொன்னாலும் உட்காரமாட்டாள்.

"கம்பெனிக்காரன் கேட்டான். 'நீங்க காணுத மீனை நாங்களும் காணணும். விரலு வைங்க. வச்சா, ஒங்க வள்ளம் எங்க நிக்குன்னு எங்களுக்கு எப்பவும் தெரியும். எஞ்சின் நின்னா எங்க ஆளு கப்பலை அனுப்புவான். ஒருத்தனையும் கடல்ல விடமாட்டோம்'னான். நான் யோசிக்கவே இல்ல மச்சான். மீனுதான? போனா போவுது."

"எவன் சொன்னாலும் நம்பிருவியா? கப்பலு வருமாக்கும்!"

தொம்மை தலை நிமிர்ந்து பார்த்தார். "வந்துச்சே."

கயித்தானுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று.

அப்டேட் போட்டதற்கப்புறம், மழைக்கு முன்னால் ஒருநாள் அவருடைய எஞ்சின் நடுக்கடலில் செத்துப்போனது. வயர்லெஸ்ஸும் ஊமை. நீரோட்டம் வள்ளத்தைப் பாறைத்திட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனது. செத்தோம் என்று உட்கார்ந்திருந்தவருக்கு எதிரே, யாரோ சொல்லி அனுப்பினதுபோல ஒரு கப்பல் நேராக வந்தது. கயிற்றை வீசிக் கரைக்குப் பக்கம்வரை இழுத்துவந்து விட்டது. மாதா அனுப்பினாள் என்று கயித்தான் அழுதார். பாதி நம்பிக்கையோடு கோயிலுக்குப் போகிறவர் அன்று முழங்காலில் போனார். ஆள் உயர மெழுகுதிரி ஏற்றி, பூசை முடிந்ததும் எல்லார் முன்னாலும் நடந்ததைச் சொன்னார். 'கப்பல் இழுத்த கயித்தான்' என்று டீக்கடையில் இன்னும் கேலி பண்ணுகிறார்கள்.

"மெழுகுதிரி ஏத்தும்போது பக்கத்துல நின்னியேலே," என்றார். "நீயும் கையில ஒண்ணு பிடிச்சிட்டு நின்னியே. மாதான்னு நான் சொல்ல, 'ஆமென்'னு நீ சொன்னியே."

"என்ன சொல்லச் சொல்லுத? சொன்னா பெட்டியைக் கடல்ல தூக்கிப் போட்டிருப்ப."

"போட்டிருப்பேன்!"

"அதான் சொல்லல."

 தொம்மை ஊசியை மறுபடி கையில் எடுத்தார். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. விரலை எடுத்துருதேன். கப்பலு மீனை வாராது. எஞ்சின் நின்னா வரவும் செய்யாது. ஆனா அதை அவகிட்ட நீ சொல்லணும். என்னால ஆகாது."

தூரத்தில், தண்ணீர் தொடுகிற இடத்தில் கயித்தானின் தங்கச்சி நின்றுகொண்டிருந்தாள். தொம்மை இன்று சீக்கிரமே வேறு பக்கத்தில் கரையேறிவிட்டது அவளுக்கு இன்னும் தெரியவில்லை போல. நெற்றிக்குமேல் கையை வைத்துக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கயித்தான் அவளை நோக்கி நாலு எட்டு வைத்தார். நின்றார். திரும்பி வீட்டுப் பக்கம் நடந்துவிட்டார்.

*

அதற்கப்புறம் கடலில் கூட்டத்தைக் கண்டபோது கயித்தான் பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அனுப்பினால் கப்பல் வரும். அனுப்பாவிட்டால் பாதி வலை. அடியில் மீன் கறுத்து நிற்கிறது. ஆத்திரம்தான் முதலில் வந்தது. போகிற வழியில் பிடித்திருந்த வெறும் தண்ணீர்ப் படம் ஒன்று பெட்டியில் இருந்தது. இந்தா கம்பெனிக்காரா, உனக்கு இதுதான் என்று அதைத் தட்டிவிட்டார். பொத்தானை விடுவதற்குள் போய்ச் சேர்ந்தது.

வயர்லெஸ் பேசவில்லை. தெற்கே ஒரு புள்ளி தெரிந்தது. அது வளர்ந்து தொம்மையின் வள்ளமாயிற்று. வெறும் கடலை எவனாவது வேலைமெனக்கெட்டு அனுப்புவானா? படம் வந்த வேகத்திலேயே தொம்மைக்கு விளங்கிவிட்டது. அனுப்புகிறபோது வள்ளம் நிற்கிற இடமும் படத்தோடு சேர்ந்தே போயிருந்தது.

தொம்மை வள்ளத்தை ஒட்டி நிறுத்திவிட்டுக் கையை நீட்டினார். கயித்தான் தன் பாதி வலையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தக் கையைப் பார்த்தார். பிறகு வீசினார். மனசு ஆறி வீசவில்லை. பாதி வலையால் வளைக்க முடியாது, அவ்வளவுதான்.

அந்தப் பருவம் முழுக்க இரண்டு வள்ளமும் நிறைந்து வந்தன. மற்ற வள்ளக்காரர்கள் விழித்தார்கள். கயித்தான் ஒருவரிடமும் வாயைத் திறக்கவில்லை. தொம்மையிடமும் வேலைக்கு வேண்டியதுக்கு மேல் பேசவில்லை. வைத்த விரலை யாரும் எடுக்காததால் பெட்டியும் வள்ளத்தைக் கவனித்துக்கொண்டே இருந்தது. தங்கச்சி ஒன்றிரண்டு நாள் கரைக்கு வராமல்கூட இருந்தாள். அப்படியே போயிருந்தால் கயித்தானுக்கும் 'மச்சான்' என்ற சொல் வாயில் திரும்ப வந்திருக்குமோ என்னவோ.

ஒருநாள் காலை வெறும் கடலை அனுப்பினார். சக்கரம் சுற்ற ஆரம்பித்தது.

சுற்றிக்கொண்டே இருந்தது. கிழக்கே கப்பல் தெரிந்தது.

பெல்சியா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "வெறும் படத்தையும் இப்ப நிப்பாட்டிப் பாக்கான் மாமா."

"பெட்டி தானா கண்டுபிடிச்சிருக்குமா?"

"கண்டுபிடிக்கும். மீனே இல்லாத எடத்துல ரெண்டு வள்ளமும் திரும்பத் திரும்பப் போய்ச் சேந்தா, மெஷினுக்குச் சந்தேகம் வராதா?"

"யாராவது போய்ச் சொல்லியிருந்தாலும் இப்படித்தான இருக்கும்?"

"இப்படித்தான் இருக்கும்."

"ரெண்டுல எதுன்னு சொல்லு தாயி."

"அது இதுக்குள்ள இல்ல மாமா," என்று அவள் பெட்டியை மூடி அவர் பக்கம் தள்ளினாள்.

கயித்தான் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு கரைக்கு நடந்தார். தொம்மை எழுந்து எதிரே வந்தார். முகத்தில் கவலை இருந்தது. உண்மைக் கவலை மாதிரிதான் இருந்தது. மாதாவுக்கு மெழுகுதிரி பிடித்த அன்றும் அந்த முகம் உண்மை மாதிரிதான் இருந்தது.

"என்ன மச்சான் சொன்னா?"

கயித்தான் அந்த முகத்தை நன்றாகப் பார்த்தார். பெட்டியை வள்ளத்துக்குள் இறக்கி வைத்தார்.

"கேபிள்ல பிசகாம் மச்சான்," என்றார். "மாத்தினா சரியாப் போவுமாம்."